கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பொய்க் கம்பி

ஒரு விடுகதை போடுகிறேன். இரண்டு கால் உண்டு, நடக்காது. மண்ணில் நின்றபடி ‘தாகம், தாகம்’ என்று சொல்லும். ஒரு சொட்டும் குடிக்காது. அது என்ன?

விடை தெரியவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பூந்தொட்டியில் குத்தி வைக்கும் ஈர சென்சார்தான் அது. மண் காய்ந்திருந்தால் தலையில் பூஜ்யம் காட்டும், சொதசொதவென்றிருந்தால் நூறு. தவளக்குப்பத்தில் ஒரு கடையில் அதை விற்பதும், பிறகு வீடு வீடாகப் போய் அது சொன்ன பொய்களைத் திருத்துவதும் என் வேலை. மிக்சி, மோட்டார் பழுது பார்க்கும் நண்பர்களே, உங்கள் பொருள் ஓடும் அல்லது நிற்கும். என்னுடையது ஓடிக்கொண்டே தப்பாகச் சொல்லும்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கறிவேப்பிலைக் கன்றும் சென்சாரும் கொடுத்தார்கள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கன்று நன்றாக இருந்தால் மைதானத்தில் நடலாம், பக்கத்தில் தன் பெயரையும் வைக்கலாம். ஸ்டெல்லா என்ற பெண் முதல் நாளே அட்டையில் பெயரெழுதி, சுற்றிலும் பூப்போட்டு முடித்துவிட்டாள். அவள் கன்றுதான் இலை உதிர்க்கத் தொடங்கியது.

தொண்ணூறு

நான் அவள் வீட்டுக்குப் போனபோது சென்சார் தொண்ணூறு காட்டியது. மண்ணில் விரலை விட்டேன். மேலே பொருக்கு, உள்ளே சும்மா பேருக்கு ஈரம். தொண்ணூறு இருக்கிறதே என்று நான்கு நாளாக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. சென்சாரைத் துடைத்துக் காற்றில் பிடித்தேன்: பூஜ்யம். டம்ளர் தண்ணீரில் வைத்தேன்: நூறு. ஆக, கருவிக்கு நோய் இல்லை. மண்ணை முகர்ந்து பார்த்தேன். மோர்.

கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் ஸ்டெல்லாவின் அம்மா லூர்து மேரி ஊற்றியது, கணவர் வயலுக்குக் கொண்டுபோய் மிச்சம் வைத்த உப்பு மோர். இந்தக் கம்பி தண்ணீரை நேராகப் பார்ப்பதில்லை; இரண்டு காலுக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்றுதான் பார்க்கிறது. உப்பு இருந்தால் துளி ஈரத்திலேயே மின்சாரம் ஓடும். கம்பி அதைக் குளம் என்று நினைத்துக்கொள்ளும். மண்ணை மாற்றுங்கள், உப்பு மோர் வேண்டாம் என்றேன். லூர்து மேரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “உப்பு இல்லாத மோர மனுசனே குடிக்க மாட்டான், செடி எப்புடி மேடம் குடிக்கும்?”

பூஜ்யம்

நான்கு நாள் கழித்து ஸ்டெல்லாவின் அப்பா சேவியர் போன் செய்தார். “இன்னா மேடம் மிசின் இது? குடம் குடமா ஊத்துறன், பூஜ்யம்ங்குது. தண்ணி எங்க போவுதுன்னு பக்கத்து வூட்டுத் தோட்டம் வரைக்கும் தேடிட்டன்!”

போனேன். தொட்டி சொட்டிக்கொண்டிருந்தது. மாற்றிய மண்ணில் பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூள், கெட்டியாகவே இல்லை. சென்சார் நின்ற இடத்தில் என் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கம்பியின் கால்கள் மண்ணைத் தொடாமல் காற்றில் தொங்கின. காற்று காய்ந்திருக்கிறது என்று அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இதை யார் பிடுங்கிப் பிடுங்கி நட்டது என்று கேட்டேன். ஸ்டெல்லா பெருமையாகக் கை தூக்கினாள். “தெனமும் காலைல அதுக்குக் கால் கழுவி விடுவன் ஆன்ட்டி. பாவம், சேத்துலயே நிக்குது.”

வேறு இடத்தில் குத்தி, சுற்றிலும் மண்ணை அழுத்திவிட்டேன். இனிமேல் கழுவக் கூடாது, எனக்குச் சந்தேகம் வந்தால் தொட்டியைத் தூக்கித்தான் பார்ப்பேன், லேசாக இருந்தால் தாகம் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நூறு

ஆயுத பூஜைக்கு மறுநாள் மறுபடியும் போன். சென்சார் நூறு காட்டுகிறதாம். செடியோ துளிர் விட்டிருக்கிறதாம். போய்ப் பார்த்தால் சென்சார் தொட்டியிலேயே இல்லை. சேவியரின் டிராக்டர் மேல் இருந்தது. தலையில் சந்தனம், குங்குமம். காலில் ஒரு முழு எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது.

டிராக்டர் ஓட்டும் ஏழுமலையின் ஏற்பாடு அது. பழத்தை உருவினேன். அப்போதும் நூறு. சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி உறைந்துவிட்டது. காற்றில் நூறு, துணியில் நூறு, என் சட்டைப் பையிலும் நூறு. இதற்கு எதற்குப் பொட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். ஏழுமலைக்கு என் கேள்வியே புரியவில்லை. “டிராக்டருக்கு வெச்சன், மோட்டாருக்கு வெச்சன், மம்பட்டிக்கு வெச்சன். இது மட்டும் இன்னாங்க பாவம் பண்ணிச்சு?”

ஐம்பத்தைந்து

பள்ளி திறந்த அன்று புதிய சென்சார் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஸ்டெல்லாவின் கன்றில் மூன்று புதுக் கொழுந்துகள். டீச்சர் செடியைப் பார்க்கவில்லை, தொட்டியில் திரும்பக் குத்தியிருந்த பழைய சென்சாரைத்தான் பார்த்தார். நூறு. நோட்டில் ‘அழுகல்’ என்ற கட்டத்துக்குப் பேனா போனது. ஸ்டெல்லா அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“டீச்சர், கொழுந்து விட்டிருக்கே!” என்றேன்.

“தெரியுது மேடம். கொழுந்துக்கு நோட்டுல கட்டம் இல்லயே.”

புதிய சென்சாரைக் குத்தினேன். ஐம்பத்தைந்து. டீச்சர் முகம் மலர்ந்து ‘நலம்’ என்று எழுதினார். இத்தனை நாள் எதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினாய் என்று ஸ்டெல்லாவைக் கேட்டார். அவள் சொன்னாள்: “தொட்டியத் தூக்கிப் பாப்பன் டீச்சர். ஆன்ட்டியும் அப்புடித்தான் பாப்பாங்களாம்.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் மைதானத்தின் பக்கம் திரும்பினேன்.

செடியை நட்டோம். விற்பவளே நம்பாத பொருளை ஊரெல்லாம் நம்பச் சொல்வதுதான் என் பிழைப்பு என்பதால், இரண்டு சென்சாரையும் நீட்டி, எது வேண்டும் என்று கேட்டேன். ஸ்டெல்லா பழையதை எடுத்து, அதில் பெயர் அட்டையைக் கட்டி, செடிக்குப் பக்கத்தில் குத்தி வைத்தாள்.