இரும்புலியூர் பிரெஞ்சு

முழங்காலில் வலித்தைலம் தேய்க்கும்போதெல்லாம் எனக்குப் பிரெஞ்சு ஞாபகம் வந்துவிடுகிறது. இரும்புலியூரில் இன்று கார் கழுவுகிற இடத்தில், அன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட டியூஷன் கொட்டகை ஒன்று இருந்தது. அடிபட்ட முட்டிகளின் தைல வாடை அங்கே நிரந்தரமாக வீசும். நாங்கள் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள். தமிழ் பேசியவன் கழுத்தில் சார் ஒரு மரக்கட்டையை மாட்டுவார், அடுத்து எவன் பேசுகிறானோ அது அவனுக்கு மாறும், வகுப்பு முடிகையில் யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்கு முட்டியில் பிரம்படி. ஆகவே கட்டையைச் சுமப்பவன் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவான், காம்பஸால் தொடையில் குத்துவான், செருப்புக்காலால் மிதிப்பான். வலியில் பிரெஞ்சில் கத்தும் அளவுக்கு எங்களில் எவனும் தேறியிருக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் ரத்தம் கசிய, மேலே சார் பாரிஸ் பூங்காக்களை வர்ணித்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள், கட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டீபன், அவன் அக்காவின் கல்லூரி நூலகத்துப் பிரெஞ்சு நாவல் ஒன்றைப் பிரித்தான். எழுதியவர் ஆப்பிரிக்கர். பிரெஞ்சுக்காரர்களைத் தவிர வேறு யாரும் பிரெஞ்சில் எழுதுவார்கள் என்றே எனக்கு அதுவரை தெரியாது. அகராதியோடு மல்லுக்கட்டி ஒரு பக்கம் தேற்றினேன்: பள்ளிக்கூடம், தாய்மொழி பேசிய பையன், கழுத்தில் மரக்கட்டை, அடி.

"டேய், நம்ம சாரை இவருக்கு எப்படிடா தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

ஸ்டீபன் கட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான். வகுப்பு முடிந்தது. பிரம்பு இறங்கியதும் "அம்மா!" என்று அலறினேன்.

"அம்மான்னா பிரெஞ்சாடா?" என்று தமிழிலேயே கேட்டு, சார் இன்னொன்று வைத்தார்.