தூக்கில் தொங்கிய சம்பந்தி

ஃபெராரா நகரத்து யூதர் தெருவில் இருந்த சபாதோவுக்கு ஐம்பது வயது வரை ஒரே ஒரு ஆண் முகம்தான் வரையத் தெரியும். அது எதிர்வீட்டுத் துணி வியாபாரி லாத்ஸரோவின் முகம்.

பூரிம் பண்டிகைக்கு வாசிக்கிற எஸ்தர் ராணியின் கதையை வேறொருவர் தோல் சுருளில் எழுதித் தருவார். அதன் ஓரமெல்லாம் மயிலும் மாதுளையும் மனிதர்களும் வரைவது சபாதோவின் பிழைப்பு. மேசை ஜன்னலோரம். எதிர் ஜன்னலில் லாத்ஸரோ நாள் முழுக்க உட்கார்ந்து தெருவை வேவு பார்ப்பார். அசையாமல் உட்காருகிற ஆள் சும்மா கிடைத்தால் யார் விடுவார்? கதையில் வரும் ராஜாவுக்கும் அவர் மூக்குதான், நல்லவர் மொர்தெகாய்க்கும் அவர் தாடிதான். லாத்ஸரோவுக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் எந்தச் சுருளையும் கடைசி முழம் வரை அவர் விரித்துப் பார்த்ததில்லை.

சபாதோவின் மகள் ரிக்கேத்தாவை லாத்ஸரோவின் மகனுக்கே பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்குச் சீராக ஒரு சுருள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் சம்பந்தி அதை முழுசாக விரித்துவிட்டார். யூதர்களைப் பூண்டோடு ஒழிக்கப் பார்த்த ஹாமானும் அவன் பத்துப் பிள்ளைகளும் வரிசையாகத் தூக்கில் தொங்கினார்கள். பதினோரு பேரும் லாத்ஸரோ.

"என்னய்யா இது! என்னைப் பதினோரு தடவை தூக்குல போட்டிருக்கே!"

"ராஜாவாவும் போட்டிருக்கேனே..."

"மூஞ்சியெல்லாம் மாத்து. இல்லேன்னா கல்யாணமும் கிடையாது, கருமாதியும் கிடையாது!"

வேறு முகத்துக்கு எங்கே போவது? விஷயம் பரவியதும் தெருவில் ஒருவரும் சபாதோ கண்ணில் படவில்லை. கசாப்புக்காரர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"கண்ணாடியப் பாருங்க, ஹாமான் கெடைப்பான்" என்றாள் மனைவி தியமாந்தே.

கிண்டலாகத்தான் சொன்னாள். பாவி மனுஷன் அதையே செய்தார். பதினோரு முகத்தையும் கத்தியால் சுரண்டி, பதினோரு சபாதோவைத் தொங்கவிட்டார். கல்யாணம் நடந்தது.

பூரிம் அன்று சம்பந்தி வீட்டில் அந்தச் சுருளைத்தான் வாசித்தார்கள். பண்டிகை வழக்கப்படி, ஹாமான் பெயர் வரும்போதெல்லாம் அவனை மிதிப்பதாக வீடே காலால் தரையை உதைத்தது. தியமாந்தேதான் எல்லாரையும்விட ஓங்கி உதைத்தாள். ரிக்கேத்தா மட்டும் காலைத் தூக்கவில்லை.

"என்னம்மா, கால் வலியா?" என்றார் லாத்ஸரோ.

"எங்கப்பா தொங்குறாரு மாமா. எப்படி உதைக்கிறது?"

அவள் கண் கலங்கியிருந்தது. அதன்பிறகு லாத்ஸரோவின் காலும் எழும்பவில்லை. வாசித்து முடிந்ததும் சபாதோவின் தோளைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனார்.

"பத்துப் புள்ளைங்கள்ல அஞ்சுக்கு என் மூஞ்சியவே திருப்பிப் போட்டுடு, சம்பந்தி. ஹாமான மட்டும் நீயே வெச்சுக்க."