ஐஸிலிருந்து எடுத்த கை

அசந்து தூங்குகிற ஒரு வயதானவரை எழுப்புவதற்கு எவ்வளவு காரணம் இருந்தால் போதும்? ஐந்து வருடமாக இதை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீடு தீப்பிடித்தால் எழுப்பலாம், அது தெரிகிறது. வாசலில் ஒருவர் இருமிக்கொண்டு நின்றால் எழுப்ப வேண்டுமா, கொஞ்சம் பொறுத்து வாருங்கள் என்று சொல்லலாமா? இதற்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை.

இராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெரு எங்களுடையது. கோயில் என்றால் இங்கே மாதா கோயில். மாடியில் வீட்டுக்காரர், கீழே வாடகைக்கு நாங்கள். வீட்டுக்காரர் டாக்டர். துறைமுகத் தொழிலாளர்களுக்குப் பல வருடம் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் கோயம்புத்தூரில். கொரோனா இரண்டாவது அலை வந்தபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. என் மகளுக்கு எட்டு மாதம். என் கணவருக்கு எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. கன்டெய்னருக்கு ஊரடங்கு கிடையாது என்பதால் அவர் தினமும் போய் வந்துகொண்டிருந்தார்.

டாக்டரின் மகள் போனில் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நோயாளி யாரும் படியேறக் கூடாது, அப்பாவும் படியிறங்கக் கூடாது. அவர் சத்தியத்தை மீறவில்லை. பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே தெருவில் நிற்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தார். கீரை வாங்கக் கயிற்றில் விடுகிற கூடையில் இப்போது தெர்மாமீட்டரும், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், ஒரு பாட்டில் சானிடைசரும் இறங்கின. காசிமேட்டிலிருந்தும் டோல்கேட் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் லாரிக்கு வைப்பது போலக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, நிழல் இருக்கும் இடமாகப் பார்த்துத் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, என் ஜன்னலைப் பார்த்து, "அந்த ஆளுக்கு என்ன நம்பர் வருதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். அவ்வளவுதான், அந்த வேலை என்னுடையதாகிவிட்டது. தினமும் செய் என்று அவர் கேட்கவுமில்லை, நான் ஒப்புக்கொள்ளவுமில்லை. பி.காம் படித்துவிட்டு வீட்டில்தானே இருக்கிறேன், இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நினைத்தேன். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்றும் அதே நிமிடம் நினைத்தேன். எனக்கு எப்போதும் இரண்டும் சேர்ந்தேதான் தோன்றும்.

ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன். வருபவர் விரலில் கருவியை மாட்டி எனக்குக் காட்டுவார். பெயர், வயது, காய்ச்சல் எத்தனை நாள், நம்பர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கூடையில் போட்டுவிட்டு மாடிக்குப் போன் செய்வேன். டாக்டர் கூடையை இழுத்துச் சீட்டைப் படிப்பார். பிறகு அந்த ஆளைத் தெருமுனையில் இருக்கிற டிரான்ஸ்பார்மர் வரை வேகமாக நடந்துவிட்டு வரச் சொல்வார். திரும்பி வந்ததும் மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். நடந்த பிறகு நம்பர் இறங்கினால் ஆபத்து. அந்த நடையிலிருந்து அவர் யாருக்கும் விலக்குக் கொடுக்க மாட்டார்.

"இன்னா டாக்டரே, மருந்து குடுப்பேன்னு வந்தா மிலிட்ரி டிரெய்னிங் குடுக்கிறே?" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினார்.

"நட ராஜா. உன் நுரையீரல் என்ன சொல்லுதுன்னு நீ சொல்ல மாட்டே, உன் கால் சொல்லும்."

"கால் இன்னா சொல்லும்? குந்திக்கோன்னு சொல்லும்."

அப்படியெல்லாம் சிரிப்பும் இருந்தது. ஆனால் என் நினைவில் அதிகம் நிற்பது சோர்வுதான். ஒவ்வொரு சீட்டுக்கும் கை கழுவி, விரலிடுக்கில் தோல் வெடித்திருந்தது. மகளைத் தூக்குவதற்கு முன் ஒரு தரம், தூக்கிய பிறகு இது போதுமா என்ற சந்தேகத்தில் இன்னொரு தரம் கழுவுவேன். கணவர், "வேணாம்னு சொல்லிடேன், அவர் ஒன்னும் நினைக்க மாட்டார்" என்பார். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார் என்பதால்தான் சொல்ல முடியவில்லை.

மீன் விற்கிற அக்கா ஒருவர் அந்த வாரத்தில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் போட்டு வைத்த மீனைத்தான் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார். விரலில் மாட்டியதும் எண்பத்தைந்து காட்டியது. நான் போனை மறந்து, "அங்கிள், எண்பத்தஞ்சு!" என்று கத்திவிட்டேன். டாக்டர் பதறி எழுந்து படியில் பாதி தூரம் இறங்கியே வந்துவிட்டார்.

அந்த அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐய, இன்னாத்துக்கு இப்டி கத்துறே? காத்தாலேந்து ஐஸ் பொட்டிலயே கைய வுட்டுகினு கீறேன். கை வெறைச்சிப் போச்சி. மிசினுக்கு இன்னா தெரியும்?"

வரிசையில் யாரோ அவருடைய மீன்கூடையைக் காட்டி, "அந்த வஞ்சிரத்துக்கும் ஒரு தபா மாட்டிப் பாரு" என்றார்கள். தெருவே சிரித்தது.

வெந்நீரில் கையை வைத்துத் துடைத்துவிட்டு மாட்டியபோது தொண்ணூற்றெட்டு வந்தது. டாக்டர் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "நான் இறங்கினதை என் பொண்ணுகிட்ட சொல்லிடாதேம்மா" என்றார். அன்றிலிருந்து மீன்காரர்கள் வந்தால் கையை முதலில் சூடு செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கமானது. ஜன்னல் விளிம்பில் வெந்நீருக்கென்று ஒரு மக் வைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கத்திரி வெயில். டாக்டர் மூன்று நாளாக யார் யாருக்கோ ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டுப் போனிலேயே இருந்தார். கிடைக்கவில்லை, கிடைத்தது, கிடைப்பதற்குள் அவர் போய்விட்டார் என்று ஒவ்வொன்றாக மேலேயிருந்து என் காதில் விழும். அன்று மதியம் கூடையில் தயிர்சாதம் அனுப்பினேன். சாப்பிட்டுவிட்டுப் போன் செய்தார்.

"கண்ணைக் கட்டுதும்மா. அஞ்சு மணி வரைக்கும் படுக்கிறேன். தொண்ணூத்தி நாலுக்குக் கீழ யாராவது வந்தா மட்டும் எழுப்பு. யோசிக்காதே, எழுப்பிடு."

இரண்டு மணிக்கு அந்த மீன்கார அக்கா வந்தார். தெருவில் வேறு யாருமில்லை. மகளுக்குப் பல் முளைக்கும் நேரம், காலையிலிருந்து அழுது அப்போதுதான் என் தோளில் கண் மூடியிருந்தாள். அக்கா கருவியை மாட்டிக் காட்டினார். எண்பத்தொன்பது.

"ஐஸ்ல கை வச்சிட்டு வந்தீங்களாக்கா?"

"ஆமா கண்ணு, ஐஸ்லேந்துதான் வரேன். அது கெடக்கட்டும், இருமல்தான் பேஜார் பண்ணுது. ராவுல தூக்கமே கெடையாது."

மக் காலியாக இருந்தது. வெந்நீர் வைக்க வேண்டும் என்றால் குழந்தையைக் கீழே விட வேண்டும், விட்டால் எழுந்துவிடுவாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் தலையில் ஓடியது இதுதான். "டாக்டர் இப்பதான் படுத்தாருக்கா. வீட்டுக்குப் போய்க் கையை வெந்நீர்ல வச்சிட்டு அஞ்சு மணிக்கு வாங்க" என்றேன்.

"செரி கண்ணு. கெய்வன் தூங்கட்டும் பாவம். எத்தினி பேரை மேய்ச்சிகினு கீறாரு."

சீட்டு எழுதவில்லை. டிரான்ஸ்பார்மர் வரை நடக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் போகும் வழி அதுதான். எதிர்வரிசையில் இரண்டாவது வீட்டுப் படியில் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்து போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயில் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கு டாக்டர் எழுந்து, "யாராவது வந்தாங்களாம்மா?" என்று கேட்டார். "யாரும் வரலை அங்கிள்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் புரியவில்லை. வந்தார் என்று சொன்னால் நம்பரைக் கேட்பார். நம்பரைச் சொன்னால் ஏன் எழுப்பவில்லை என்பார். அக்கா ஐந்து மணிக்கு வரவேயில்லை. கை சூடானதும் சரியாகியிருக்கும், அதனால்தான் வரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாள் அவர் வீட்டைத் தேடிப் போகலாமா என்று யோசித்தேன். குழந்தையை யாரிடம் விடுவது என்று யோசித்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவருடைய மகன் வந்தார். கல்யாணமான ஆள், துறைமுகத்தில் சுமை வேலை. குடம் எதுவும் வைக்காமல், நேராகப் பால்கனிக்குக் கீழே வந்து நின்றார்.

"சார், எங்கம்மாவை முந்தாநேத்து ஆஸ்பத்திரில சேத்துகீறோம். ஆக்சிஜன் வெச்சிகீறாங்கோ. உங்களாண்ட அன்னிக்கே வந்துச்சே சார்! அஞ்சு மணிக்கு வான்னு அனுப்ச்சிட்டீங்களாமே?" சண்டை போடும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்டார். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

டாக்டர் உள்ளே போய்ச் சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பியை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். இல்லாத சீட்டைத் தேடுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. குழந்தை இடுப்பில் இருந்தாள். தெருவில் நிற்பவருக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்றும் ஓடியது.

டாக்டர் கம்பியைக் கீழே வைத்தார். யாரும் வரலை என்று நான் சொன்னதை அவர் சந்தேகிக்கவேயில்லை. "தூக்கக் கலக்கத்துல நானே எழுந்து வந்து சொல்லியிருப்பேன்பா. எனக்கு நினைவே இல்லை. என் தப்புதான். மன்னிச்சிடு."

"ஐய, பெரியவரு நீ, இன்னாத்துக்கு மன்னிப்பெல்லாம் கேட்டுகினு" என்றுதான் அந்த மகன் சொன்னார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை கூடை மேலே போனது. மறுநாள் இறங்கவில்லை. வந்தவர்களிடம் டாக்டரே பால்கனியிலிருந்து, "காய்ச்சல் முகாமுக்குப் போங்கப்பா, எனக்கு ஞாபகம் தப்புது" என்று சொல்லி அனுப்பினார். காலி வரிசையில் இரண்டு நாள் மூன்று குடங்கள் நின்றன. பிறகு அவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே அலை அடங்கவேயில்லை. எங்கள் தெருவில் மட்டும் அமைதி. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கை கழுவுவது பாதியாகக் குறைந்தது.

அக்கா பிழைத்து வந்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது தலையில் கூடை தூக்கித் தெருவில் விற்க முடியாது, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. மார்க்கெட் வாசலில் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறார். நான் போனால் என் மகளுக்கென்று முள் குறைந்த மீனாகப் பொறுக்கிப் போடுவார். "நீ அன்னிக்கி தன்மையா பேசுனே கண்ணு. அஞ்சு மணிக்கு அவுராண்ட சொல்லியும் இருப்பே, அவுருதான் மறந்துட்டாரு. வயசாயிச்சில்ல, இன்னா பண்றது" என்பார். நான் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அக்கா சொன்னதையே பிறர் வாயாலும் கேட்டிருக்கிறேன். நல்ல டாக்டர், கடைசியில் கொஞ்சம் தடுமாறிட்டாரு என்று.

அவர் தடுமாறவில்லை. எண்பத்துமூன்று வயதிலும் என் மகளின் ஒன்றாம் வகுப்புப் பாடத்தை வரிசை மாறாமல் சொல்கிறார். ஆனால் தன் ஞாபகத்தைத் தானே நம்புவதில்லை. கேஸை அணைத்தேனா என்று என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். எல்லா நாளும் அணைத்துத்தான் இருக்கிறது. ஒருவர் காய்ச்சல் என்று வந்து கேட்டால்கூட ஒரு மாத்திரைப் பெயர் சொல்ல மாட்டார்.

அடுத்த மாதம் அவருடைய மகள் வந்து அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் புத்தகங்களைக் கட்டிக்கொடுக்கப் போனேன். அவராகவே சொன்னார்: "நாப்பது வருஷத்துல, கூடையை மேல இழுக்கிற வரைக்கும், யாரையும் பார்க்காம திருப்பி அனுப்பினதில்லைம்மா. அந்த ஒரு பொண்ணைத்தான் அனுப்பினேன். அதுவும் ஞாபகமில்லாம." நான் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். முடிச்சுப் போட்டேன், அவிழ்த்தேன், திரும்பப் போட்டேன்.

கணவரிடம் இதை முதன்முறையாக அன்றுதான் சொன்னேன். "இப்ப சொன்னா உனக்குப் பாரம் குறையும். அவருக்கு என்ன கிடைக்கும்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவருக்குத் தன் ஞாபகம் திரும்பக் கிடைக்கும். கூடவே, தினமும் கேஸ் பார்க்கக் கூப்பிடுகிற பெண்தான் ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதும் கிடைக்கும். அதோடு, தேவையே இல்லாமல் கூடையை மேலே இழுத்துவிட்டோம், அதற்குப் பிறகு வந்தவர்களையெல்லாம் பார்த்திருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தை அவர் எப்படித் தாங்குவார் என்பதுதான் எனக்குப் பயம். இது அவருக்காகப் படுகிற பயமா, எனக்காகவா என்றும் சரியாகத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் வயதான டாக்டர்கள் இருக்கலாம், நர்ஸ் வேலை பார்த்தவர்கள் இருக்கலாம், தாங்கள் செய்யாத தப்பைச் செய்ததாக நம்பிக்கொண்டு வாழ்ந்தவர்களும் இருக்கலாம். உங்களைத்தான் கேட்கிறேன். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? சொல்ல வேண்டும் என்றால், அவர் தனியாக இருக்கும்போது சொல்வதா, மகள் பக்கத்தில் இருக்கும்போதா? அந்த அக்காவிடமும் அவர் மகனிடமும் முதலில் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் அனுப்பிவிடுவதுதான் நல்லது என்று நினைத்தாலும், தயங்காமல் காரணத்தோடு எழுதுங்கள். அவர் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.