பதினான்காவது கேபிள்

நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் இருட்டுகூடக் கிடையாது. ஹவானாவில், லாட்டன் பேட்டையில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், ஒரு சனிக்கிழமை மாலை 5:12க்கு நடந்தது. நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. செய்ததே நான்தான்.

2016 மார்ச். அப்போது எங்கள் வீடுகளில் இணையம் கிடையாது. அதனால் நாங்களே மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கேபிள் இழுத்து, பேட்டை முழுக்க ஒரு தெருவலை பின்னி, அதில் கணினித் திரையில் ஒருவரையொருவர் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். பதினான்கு வீட்டுக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி என் மாடியில், கவிழ்த்துப் போட்ட வாளிக்கு அடியில் இருந்தது. அதற்குக் காவலன் டுனியெஸ்கி, அதாவது நான். எந்தக் கேபிள் யாருடையது என்று தங்கையின் புருவ மையால் எழுதி வைத்தேன். முதல் மழையில் கரைந்துவிட்டது. என் தொழில்நுட்ப அறிவு அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வந்தது. ஒரு கேபிளைப் பிடுங்க வேண்டியது. எந்த வீட்டிலிருந்து கெட்ட வார்த்தை கேட்கிறதோ, அது அந்த வீட்டுக் கேபிள்.

அன்று ஐந்தரைக்கு விபோரா பேட்டையோடு இறுதிப் போட்டி. மதியம் சரியாக ஒன்றரைக்குப் பயிற்சியின்போது கோளாறு தொடங்கியது. பிங், அதாவது நாம் விடும் சேதி போய்த் திரும்பும் நேரம், எப்போதும் 3 மில்லிநொடி இருக்கும். திடீரென்று 1800. திரை அப்படியே உறையும். உறைவு விலகும்போது நாங்கள் செத்துக் கிடப்போம். நாற்பது நொடிக்கு ஒருமுறை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நொடி பிசகவில்லை.

கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து யவ்மாரா கத்தினாள். எங்கள் அணித் தலைவி. அவள் வாய்க்கு விபோராவே பயப்படும்.

"டேய் டுனி! பெட்டியப் பாக்குறியா, இல்ல உன்னைப் பெட்டியில வைக்கட்டுமா?"

என் கணினியை மாற்றிப் பார்த்தேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். விசிறியால் விசிறினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து மணிக்குப் பிடுங்க ஆரம்பித்தேன்.

முதல் கேபிள். "எவன்டா அவன்! உன் கை விளங்காமப் போக!" இது மூலைவீடு. கோளாறு நிற்கவில்லை. செருகினேன்.

இரண்டாவது. என் செத்துப்போன தாத்தாவையும் சேர்த்துத் திட்டினார்கள். செருகினேன்.

பதின்மூன்று வீட்டுத் திட்டும் வாங்கியாயிற்று. 5:10. பதினான்காவதைப் பிடுங்கினேன்.

யாரும் திட்டவில்லை.

பிங் 3. நாற்பது நொடி போனது... எண்பது... 3. அசையவில்லை.

யாருடைய கேபிள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் திட்ட முடியாதவன் ஒருவன்தான். பின்தெரு ஒஸ்மெல். இரண்டு வருஷம் முன்பு இதே தெருவலைக்குக் கேபிள் இழுக்கும்போது மாடியிலிருந்து விழுந்தவன். வலது கை விரல்கள் மட்டும் அசையும். குரல் கட்டிலைத் தாண்டாது. அந்த விரல்களால்தான் விளையாடுவான். அவனுக்கு உலகம் என்று இருந்தது அந்தக் கேபிள் ஒன்றுதான்.

"ஒஸ்மெலோடது," என்று ஜன்னலுக்குக் குனிந்து சொன்னேன்.

"அதுக்கு?"

"பாவம்டி."

"மேட்ச் முடிஞ்சு செருகு. அவன் என்ன, எந்திரிச்சு வந்து உதைக்கப் போறானா?"

சிரித்தேன். ஆமாம், நானும் சிரித்தேன்.

கேபிள் நடுவில் அறுந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். அறுந்திருந்தால் இழுத்ததும் சும்மா வந்துவிடும். இழுத்தேன். மணி 5:12.

ஒரு முழம் வந்தது. பிறகு கனத்தது.

விட்டேன்... பின்னால் போனது.

மறுபடி இழுத்தேன். அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள். காற்று இல்லை. பூனை இல்லை. மூன்றாம் முறை நான் இழுத்தபோது, வெடுக்கென்று கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டது.

'ஒஸ்மெல் கோபமா இருக்கான்' என்று நினைத்தேன். விரல் மட்டும் அசைகிறவனுக்கு அவ்வளவு பலம் ஏது என்று அப்போது யோசிக்கவில்லை. செருகு, செருகு என்கிறான். புரிந்தது.

செருகவில்லை. கீழே போய் விளையாடினேன்.

ஜெயித்தோம்.

6:20க்கு மாடிக்கு வந்து கேபிளைச் செருகினேன். மனசு உறுத்தியது. கொய்யாப்பழ பஃப் இரண்டு வாங்கிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன்.

அவன் அம்மா எனெய்தா கதவைத் திறந்தாள். உள்ளே மெழுகுவத்தி எரிந்தது.

"வா கண்ணு. வண்டிக்காகத்தான் உக்காந்திருக்கோம்."

"எந்த வண்டிம்மா?"

"அவனை எடுத்துட்டுப் போக..."

கட்டிலில் ஒஸ்மெல். முகம் மெழுகு மாதிரி. டாக்டர் மதியமே வந்து எழுதிக் கொடுத்துவிட்டாராம். உயிர் போன நேரம் 1:30.

பஃப் கையிலேயே இருந்தது.

அவன் வலது கை மூடியிருந்தது. கைக்குள் கேபிளின் முனை.

"கம்ப்யூட்டர் எங்கம்மா?"

"ரிப்பேருக்குப் போயி ஒம்பது நாளாச்சுப்பா. அதுலேர்ந்து இந்த ஒயரையே புடிச்சிக்கிட்டுக் கெடந்தான். விரல்ல வச்சிருந்தா நீங்க விளையாடுறது தெரியுதாம்..."

ஒன்பது நாள். அவன் ஆட்டத்தில் இல்லை என்பதை நாங்கள் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

கணினியே இல்லாத கேபிள். அப்படியானால், ஒன்றரை மணியிலிருந்து அதன் வழியாக வந்தது என்ன?

எனெய்தா என் காதருகே வந்தாள். கண் பளபளத்தது.

"போன் பண்ணிச் சொன்னா டாக்டர் நம்ப மாட்டேங்கிறாரு. நீ நம்புவே. அஞ்சேகால் இருக்கும். அவன் கை எந்திரிச்சுது கண்ணு! நான் ஓடிப் புடிச்சு இழுத்தேன். மறுபடி எந்திரிச்சுது. மூணு தடவை! அவன் என்னைக் கூப்பிட்டான்தானே?"

ஒரு பக்கம் நான். ஒரு பக்கம் அவள். நடுவில்...

"ஆமாம்மா," என்றேன். "உங்களைத்தான் கூப்பிட்டான்."

விரல்களைப் பிரிக்க முடியவில்லை. என் இடுக்கியால் நானே கேபிளை வெட்டினேன். ஒரு சாண் அவனோடு குழிக்குள் போனது. என் மாடியிலிருந்து வரும் மீதிக் கேபிளின் முனையை அவள் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை, அந்த நேரத்துக்கு அவள் கட்டிலருகே காத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாளாம். சாப்பிடவில்லையாம்.

அதற்கடுத்த சனிக்கிழமை 5:12க்கு மாடிக்குப் போனேன். மெதுவாக இழுத்தேன். மூன்று முறை.

அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஏழு மாதம், ஒரு சனிக்கிழமை தவறாமல் இழுத்தேன். இது இரக்கமா, கொடுமையா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

அக்டோபரில் மாத்தான்சாஸில் ஒரு கல்யாணம். வழியில் பஸ் படுத்துவிட்டது. சனிக்கிழமை 5:12க்கு நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். மாடிக்கதவின் ஒரே சாவி என் சட்டைப்பையில்.

ஞாயிறு காலை முதல் வேலையாக அவள் வீட்டுக்கு ஓடினேன். பட்டினி கிடப்பாள் என்று பயம்.

கதவைத் திறந்தாள். சிரித்த முகம். மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து, ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

"நேத்து..." என்று இழுத்தேன்.

"வந்தான்."

"எப்பம்மா?"

"அஞ்சு பன்னண்டுக்கு. விடிய விடிய விடலை."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கன்னத்தைத் தடவினாள்.

"நீ மெதுவா இழுப்பே கண்ணு. மூணு தடவையோட விட்டுடுவே. எனக்குத் தெரியாதா?"