வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும்

கொரோனா வந்ததும் எங்கள் தெரு மருந்துக்கடையில் கயிறு கட்டிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் தள்ளி நின்று கத்த வேண்டும். எனக்குத் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். மாத்திரை அட்டையிலோ எல்லாம் இங்கிலீஷ்; நிறம் பார்த்துத்தான் விழுங்குவேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் வழக்கமான வெள்ளை பிரஷர் மாத்திரை இல்லையென்று மஞ்சளில் ஒன்று கொடுத்தார்கள். முகக்கவசத்துக்குள் கடைப்பெண் என்னவோ விளக்கினாள். பாதி கேட்கவில்லை.

"இனி நான் பறஞ்சதைத் திருப்பிச் சொல்லுங்கோ அம்மா!"

எல்லாரையும் அப்படிக் கேட்க அவளுக்குப் புதிதாகப் பயிற்சியாம். வரிசையே என்னைப் பார்த்தது.

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸா? எல்லாம் அறியும்" என்று வந்துவிட்டேன்.

மிச்சமிருந்த வெள்ளையோடு மஞ்சளையும் சேர்த்து விழுங்கினேன். மூன்றாம் நாள் அடுக்களையில் தலைசுற்றி விழுந்தேன்.

சாயங்காலம் அவளே போனில் விசாரித்தாள். வயதானவர்களை இப்போது அப்படி விசாரிக்கிறார்களாம். வெள்ளையும் மஞ்சளும் விழுங்கி, தலைசுற்றி விழுந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, ரெண்டும் ஒரே மருந்தாக்கும் அம்மா! தொடாதீங்கோ, இப்பவே டாக்டர்ட்ட கேக்கறேன். அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"கயித்தக் கட்டி வச்சா எப்படிடீ கேக்க?" என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

அடுத்த முறை, வரிசை முழுக்கக் கேட்கும்படி நானே கத்தினேன்: "எனக்கு இதொண்ணும் வாசிக்கத் தெரியாது. மெல்லச் சொல்லு மோளே."

வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்தக் கயிற்றின் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அன்று வாயைத் திறக்கவிடாமல் என்னைத் தடுத்தது கயிறு இல்லை.