பட்டாசுக்கு அசையாத கிழவன்

போன தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தத்தில் மிரண்ட எங்கள் சின்ன நாய், கேட்டைத் தாண்டி ஓடி, எங்கள் ஊரான தம்போயின் பெரிய சாலையில் லாரிக்கு முன்னால் போய் நின்றது. மயிரிழையில் தப்பியது. அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று, உலு திராம் என்ற ஊரில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன ஒருவர் வைத்துக்கொள்ள முடியாத கிழ நாயை இந்த வருடம் வாங்கிவந்தேன். எதற்கும் பதறாத நாய்.

"படுத்தே கெடக்குது. இது காவலுக்கு ஆவாது லா," என்றார் என் கணவர். காவலுக்கு இல்லை, துணைக்கு என்று எத்தனை முறைதான் சொல்வது?

தீபாவளியன்று மாலை விருந்தாளிகளின் கார் உள்ளே வந்தது. கேட்டைச் சாத்த ஒருவருக்கும் நினைவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். சின்னவன் வாலை இடுக்கிக்கொண்டு கேட்டை நோக்கிப் பாய்ந்தான். முறுக்குத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன், எட்டவில்லை. சாலையில் கால் வைக்கப் போனவன், நின்று திரும்பிக் கிழவனைப் பார்த்தான். கிழவன் காருக்குப் பக்கத்தில் தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தான். சின்னவன் நடுங்கியபடியே திரும்பி வந்து அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் கேட்டைப் பூட்டினேன்.

வெடி ஓய்ந்ததும் கிழவனுக்குக் கோழித்துண்டு எடுத்துவந்தேன். பின்னால் நின்று கூப்பிட்டேன். தட்டைத் தட்டினேன். காதருகில் கைதட்டினேன். காது மடல்கூட அசையவில்லை.

"என்னங்க, இதுக்குக் காதே கேக்காது போல," என்றேன்.

அவர் இரண்டு நாய்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. சின்னவனுக்குக் கேட்டுடப் போவுது."