பொம்மனஹள்ளியில் வளர்ந்துவிட்ட தெரு

காலை ஏழரைக்கு ஓசூரில் பேருந்து ஏறினேன். பெங்களூர் பொம்மனஹள்ளி முப்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய், இரண்டு மணி நேரம். சைக்கிளில் போயிருந்தால் வழியில் டீ குடிக்கவும் நேரம் இருந்திருக்கும்.

என் மனைவியின் தம்பி சாலமன் அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் தெருவில் அன்று புதுத் தார் போடுவதாக இருந்தது. பழையதைச் சுரண்டிவிட்டுப் போடும்படி இன்ஜினியரிடம் பேச ஆள் வேண்டும் என்றான். முப்பத்திரண்டு வருடம் அரசு நாற்காலியைத் தேய்த்ததால் குடும்பத்தில் என்னைப் பெரிய ஆள் என்று நினைக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

மணி ஒன்பதரை. பட்டறைக்குள் போக மூன்று படி இறங்கினேன். அவன் தொழில் தொடங்கியபோது ஒரு படி ஏற வேண்டியிருந்தது. பட்டறையை யாரும் தோண்டவில்லை. தார்மேல் தார் போட்டுத் தெருதான் வளர்ந்துவிட்டது.

"எங்கப்பா கோலார்ல தங்கத்துக்காக சுரங்கத்துல எறங்குனாரு மாமா. நான் தண்ணிக்குள்ள எறங்கினு இருக்கேன்" என்றான்.

போன மழையில் தண்ணீர் புகுந்து மோட்டார் எரிந்திருந்தது. இன்னொரு முறை எரிந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"இரும்பு வாங்குனா வரி, சாமான் வித்தா வரி, எடத்துக்கு வரி. எல்லாம் கட்டிட்டேன். அந்தக் காசுலதான் என்னைப் பொதைக்கிறாங்க."

பதினொரு மணிக்கு ரோலரோடு இன்ஜினியர் வந்தார். இளைஞர், மரியாதையானவர்.

"எஸ்டிமேட்ல சுரண்டுற ஐட்டம் இல்லை சார்."

"அப்ப போடாம விட்டுடுங்க. ரோடு நல்லாத்தானே இருக்கு?"

"மார்ச் சார். செலவு பண்ணலைன்னா பணம் வாபஸ் போயிடும், அடுத்த வருஷம் கம்மியா குடுப்பாங்க. நீங்களும் ஆபீஸ்ல இருந்தவரு, தெரியாதா?"

தெரியும். ஒரு மார்ச்சில் மீதிப் பணத்தைத் தீர்க்க, எட்டுப் பேர் இருந்த பிரிவுக்குப் பத்தொன்பது சுவர்க்கடிகாரம் வாங்கக் கோப்பு எழுதியவன் நான். பாராட்டும் கிடைத்தது. என் காசாக இருந்தால் ஒன்றே அதிகம் என்றிருப்பேன். சம்பாதித்தவன் ஒருவன், செலவழிப்பவன் இன்னொருவன் என்றானபின் எந்தச் செலவும் வீணாகத் தெரிவதில்லை. பேச வந்தவன் ஓரமாக நகர்ந்து ரோலருக்கு வழிவிட்டேன்.

மதியம் இரண்டுக்கு ரோலர் கடந்து போனது. தண்ணீரைத் தடுக்குமா என்று சாலமன் ஒரு செங்கல்லை எடுத்து மேல்படியில் வைத்துப் பார்த்தான். தார் அதைவிட உயரமாக இருந்தது. வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தான்.

"ஹெப்பகோடில ஒருத்தர் லேத்தைக் கேட்டுனு இருந்தாரு. வந்து தூக்கினு போகச் சொல்லிட்டேன்."

"அவசரப்படாதடா. மழைக்கு இன்னும் நாள் இருக்கு."

"எரிஞ்சப்புறம் பழைய இரும்பு வெலைக்குத்தான் போவும் மாமா. உள்ள வா, கடைசியா ஒரு டீ குடிக்கலாம்."

நான்கு மணிக்கு ஆட்டோ. மெயின் ரோடு வரை அறுபது ரூபாய். தெருவில் ஒரு குலுக்கல் இல்லை.

"ரோடு சூப்பரா இருக்குதுல்ல சார்?" என்றார் டிரைவர்.

"சூப்பர்" என்றேன்.

ஓசூரில் எங்கள் தெரு குண்டும் குழியுமாகத்தான் கிடக்கிறது. புதுச் சாலை கேட்டு ஒரு மனு எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்தேன். எங்கள் வாசலுக்கு இன்னும் இரண்டு படி ஏறித்தான் வர வேண்டும்.